கடையில் சறுக்கி விழுந்தால் நட்டஈடு கிடைக்குமா?

தம்பி, லண்டனுக்கு வந்து மூன்று மாதம், சுப்பர்மார்க்கெட்டின் ஈரத் தரையில் சறுக்கி மணிக்கட்டு முறிந்துவிட்டது, மனேஜர் 'சொறி' சொல்லி 20 பவுண் வவுச்சர் தந்தார் என்று எழுதியிருந்தீர்கள். "இங்க விழுந்தாலே காசு" என்று அறையில் இருப்பவர்கள் சொல்வது சரியா என்றும் கேட்டிருந்தீர்கள்.

சரியில்லை. கடைக்காரர் எடுக்கவேண்டிய கவனத்தை எடுக்காமல் விட்டு, அதனால் நீங்கள் விழுந்து காயப்பட்டிருந்தால்தான் காசு. கவனயீனம் பற்றிய ஆங்கிலச் சட்டம் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது: கடமை, மீறல், காரணம், பாதிப்பு. ஒன்று விடுபட்டாலும் வழக்கு விழுந்துவிடும்.

கடமையைப் பற்றி நீங்கள் யோசிக்கத் தேவையில்லை. ஜிஞ்சர் பியர் போத்தலுக்குள் நத்தை கிடந்ததாகச் சொல்லப்பட்ட 1932 வழக்கில் 'அயலவர்' கோட்பாடு வந்தது, அதாவது நம் செயலால் பாதிக்கப்படக்கூடியவர்கள் என்று முன்கூட்டியே தெரிகிறவர்களுக்கு நாம் கவனம் காட்டவேண்டும். கடைக்கு வருகிறவர்களுக்கு 1957ஆம் ஆண்டுச் சட்டமே அந்தக் கடமையை எழுதிவைத்திருக்கிறது.

சண்டை வருவது மீறலில்தான். தரை எந்த நேரமும் உலர்ந்திருக்கவேண்டும் என்று கோட் எதிர்பார்க்காது. நியாயமான கவனம் இருந்ததா என்றுதான் பார்க்கும். 1976இல் தீர்ப்பான டெஸ்கோ வழக்கில் ஒரு பெண் தரையில் சிந்தியிருந்த யோகட்டில் வழுக்கி விழுந்தார். அது எவ்வளவு நேரமாகக் கிடந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் வென்றார், ஏனென்றால் முறையாகத் துப்புரவு செய்தோம் என்று கடையால் விளக்கிக்காட்ட முடியவில்லை. மூன்று கிழமை கழித்து அதே கடையில் சிந்திய ஒறேஞ் பானம் கால் மணி நேரமாகக் கிடந்ததையும் அவர் கண்டு சாட்சி சொன்னார். உங்கள் விஷயத்திலும் கடையின் துப்புரவுப் பதிவேடுதான் முக்கியம். யாரோ பத்து விநாடிக்கு முன் தண்ணீரைச் சிந்தியிருந்தால் கடை தப்பிவிடும்.

அதனால் முதல் வேலை சீசீடீவீ. பல கடைகளில் சில கிழமைகளில் அது அழிந்துவிடும். திகதி, நேரம், எந்த இறாக்கைப் பக்கம், என்ன நிற உடுப்பு என்று எழுதி, 'என் தனிப்பட்ட தரவு, அழிக்காமல் தாருங்கள்' என்று இன்றைக்கே மின்னஞ்சல் போடுங்கள். இதற்குக் கட்டணமில்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தரவேண்டும். விபத்துப் பதிவுப் புத்தகத்தில் எழுதினார்களா என்றும் கேளுங்கள். அன்று போட்ட சப்பாத்தைக் கழுவாமல் எடுத்து வையுங்கள். அடி தேய்ந்திருந்தது என்று வாதாடுவார்கள்.

ஜீபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) 'கை நோகுது' என்று மட்டும் சொல்லாமல், எங்கே எப்படி விழுந்தீர்கள் என்பதையும் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். காரணத்தை நிரூபிப்பது அந்தக் குறிப்புத்தான். காரணம் நிரூபிக்கப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கு: 1960களில் ஆர்செனிக் கலந்த தேநீர் குடித்த இரவுக் காவலாளி ஒருவரை வைத்தியர் பார்க்காமலே திருப்பி அனுப்பினார். கவனயீனம் தெளிவு. ஆனால் பார்த்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்பதால் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மனேஜரின் 'சொறி'யை நம்பியிருக்க வேண்டாம். மன்னிப்புக் கேட்பது மட்டும் தவறை ஒப்புக்கொண்டதாகாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. வவுச்சரால் பிரச்சினையில்லை, ஆனால் 'முழுமையான இறுதித் தீர்வு' என்று எதிலாவது கையெழுத்து வைத்தீர்களா என்று பாருங்கள். போனைப் பார்த்துக்கொண்டு நடந்திருந்தால், அல்லது மஞ்சள் பலகை கண்முன் நின்றிருந்தால், உங்கள் பங்குக்கு ஒரு வீதத்தைக் கழிப்பார்கள்.

வழக்குப் பதிய மூன்று வருடம் இருக்கிறது. 'வென்றால்தான் கட்டணம்' என்று எடுக்கும் சொலிசிட்டர் உங்கள் நட்டஈட்டிலிருந்து வெற்றிக் கட்டணமாக அதிகபட்சம் 25 வீதம் எடுக்கலாம், எதிர்கால இழப்புக்கான தொகையில் தொட முடியாது. வழக்குச் செலவுக்காக எடுக்கும் காப்புறுதியின் கட்டணம் தனியாகக் கழிக்கப்படுமா என்று முதலே எழுத்தில் கேளுங்கள்.

விசாவை நினைத்துப் பயப்படாதீர்கள், விசா தடுக்கிற அரச உதவிப் பணத்தில் நட்டஈடு சேராது. ஆனால் வேலைக்குப் போன நாளைப் போகாத நாளாகவோ, பழைய முதுகுவலியைப் புதியதாகவோ யாராவது சொல்லச் சொன்னால் கேட்காதீர்கள். அடிப்படை நேர்மையீனம் என்று கோட் கண்டால், உண்மையாக முறிந்த கைக்கான தொகையும் சேர்ந்து போய்விடும், மற்றப் பக்கத்தின் செலவும் உங்கள் தலையில் விழலாம்.