மாட்டும் முன் ஒரு பல்ப்: வாகனக் கேள்வி–பதில்

கேள்வி: அண்ணே, 2007 டொயோட்டா ப்ரோபாக்ஸில் ரங்கூனுக்கும் பெகுவுக்கும் சரக்கு ஓட்டுகிறேன். உடைத்த கார் சாமான் விற்கும் கடையில் நாலு சேனல் ஆம்ப்ளிஃபையர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. கம்பெனி ரேடியோவை மாற்றாமல் இதைச் சேர்க்க முடியுமா? ரேடியோவிலேயே 50 வாட் என்று எழுதியிருக்கிறது. அப்புறம் ஏன் சத்தம் கூட்டினால் கரகரக்கிறது?
– வாசகர், பெகு

பதில்: சேர்க்கலாம் தம்பி. ஆனால் காரில் மாட்டும் முன் அந்தப் பெட்டியை மேசைமேல் வைத்துச் சோதித்துவிடுங்கள். சில வருடங்களுக்கு முன் இப்படி வாங்கிய ஒன்றை ஒரு பெரியவரின் காரில் நேராக மாட்டினேன். ஸ்பீக்கர் முனையில் டிசி (பேட்டரியில் வருவதுபோன்ற நேர்மின்சாரம்) கசிந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. ஒரு நிமிடத்தில் இரண்டு கதவு ஸ்பீக்கரும் புகைந்துவிட்டன. புதிதாக வாங்கிக் கொடுத்தேன். அவர் முகம் மட்டும் இன்னும் மறக்கவில்லை.

சோதனைக்கு 55 வாட் ஹெட்லைட் பல்ப் ஒன்று போதும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து பல்ப் வழியாக ஆம்ப்ளிஃபையரின் பிளஸ்ஸுக்கு ஒயர், மைனஸ் நேராக. ஸ்பீக்கர் எதுவும் வேண்டாம். பல்ப் ஒரு கணம் மின்னி அணைந்தால் நல்லது, உள்ளே மின்சாரம் சேமிக்கும் கெப்பாசிட்டர் நிரம்பிவிட்டது. அடுத்து பிளஸ்ஸிலிருந்து, ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்யும் ரிமோட் முனைக்கு ஒரு துண்டு ஒயர் தொடுங்கள். பல்ப் பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மங்கலாகவோ அணைந்தோ இருந்தால், மல்டிமீட்டரை டிசியில் வைத்து ஒவ்வொரு ஸ்பீக்கர் ஜோடியின் பிளஸ், மைனஸ் முனைகளுக்கு நடுவே பாருங்கள். சில மில்லிவோல்ட் பரவாயில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் மாட்டாதீர்கள்.

திருகு முனைகள் இல்லாமல் பல பின் உள்ள பிளக் மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் ஏதோ காரோடு வந்த ஆம்ப்ளிஃபையர். பிந்தைய மாடல்கள் பலவற்றில் அது அந்தக் காரின் கம்ப்யூட்டர் உத்தரவுக்குத்தான் விழிக்கும்.

கரகரப்புக்கு வருகிறேன். 50 வாட் என்பது உச்சக் கணக்கு. இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்தான் கிடைக்கிறது. அதில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு அலை கெடாமல் 24 வாட்டுக்கு மேல் போகாது, இழப்பு கழித்தால் 18, 20. அதற்கு மேல் திருகினால் அலையின் தலை வெட்டுப்படுகிறது, அதுதான் கரகரப்பு. ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே வோல்ட்டை உயர்த்திக்கொள்வதால் அந்தத் தொல்லை இல்லை.

அதில் ஹை-லெவல் இன்புட் (ஸ்பீக்கர் ஒயரின் பெரிய சிக்னலை ஏற்கும் முனை) இருந்தால் ரேடியோவின் ஸ்பீக்கர் ஒயரை நேராகக் கொடுக்கலாம், இல்லாவிட்டால் அந்தச் சிக்னலைக் குறைத்துக் கொடுக்கும் ஹை-லோ கன்வர்ட்டர் வேண்டும். ரேடியோவின் ஸ்பீக்கர் ஒயர்கள், பிளஸ் மைனஸ் இரண்டிலுமே மின்சாரம் உண்டு. எதையும் பாடியில் எர்த் செய்யாதீர்கள், ரேடியோ போய்விடும்.

பேட்டரி ஒயரில் மட்டும் கஞ்சம் வேண்டாம் தம்பி. நாலு சேனலும் 50 வாட் கொடுத்தால் ஏறக்குறைய 25 ஆம்ப் இழுக்கும். 8 கேஜ் செம்பு ஒயர், 30 ஆம்ப் ஃபியூஸ். நுனியைச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கட்டும். ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் வைத்தால், நடுவில் ஒயர் உரசி பாடியைத் தொடும்போது தீப்பிடிப்பதை அது தடுக்காது.

உங்கள் காரின் காலத்து ஜப்பான் ரேடியோ என்றால் எஃப்எம் 90 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ஆம்ப்ளிஃபையர் அதை மாற்றாது, அதற்கு மேலுள்ள நிலையங்களைக் கேட்க ஏரியல் ஒயரில் பேண்ட் எக்ஸ்பாண்டர் போட வேண்டும்.

இன்னொன்று. உங்கள் ஸ்டியரிங் வலப்பக்கம், நம் பர்மாவில் சாலையில் ஓட்டுவதும் வலப்பக்கம். லாரியை முந்தும்போது எதிரே வருவது இடது சீட்டில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். அவர் “வேண்டாம்” என்று சாதாரணக் குரலில் சொன்னால் உங்களுக்குக் கேட்கிற அளவில் சத்தத்தை வையுங்கள்.

கேள்வி: ஆம்ப்ளிஃபையர் மாட்டியதிலிருந்து ஆக்சிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ஊளைச் சத்தம் ஏறுகிறது. என்ன செய்வது?
– வாசகி, மோல்மேன்

பதில்: பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் சத்தம்தான் அம்மா. ஆம்ப்ளிஃபையரின் எர்த் ஒயரைக் குட்டையாக்கி, பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்க மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். சிக்னல் ஒயர் பேட்டரி ஒயரோடு சேர்ந்து போனால் காரின் மறுபக்கமாகக் கொண்டுபோகட்டும். அதற்கும் நிற்காவிட்டால் ஆம்ப்ளிஃபையரில் சிக்னல் ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். ஊளை நின்றால் கோளாறு ரேடியோ பக்கம், நிற்காவிட்டால் ஆம்ப்ளிஃபையர் பக்கம்.