இடித்த வண்டி நிற்கவில்லை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் மண்டபம், ராமேஸ்வரம் சாலையிலும் மோதிவிட்டு நிற்காமல் போன வண்டிகளைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

என் கணவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் மீன் எடுத்து விற்பவர். பன்னிரண்டு நாளைக்கு முன் விடிகாலை நாலு மணிக்குப் பாம்பன் ஏலத்துக்குப் போகும் வழியில் பின்னாலிருந்து ஒரு வேன் இடித்துவிட்டுப் போய்விட்டது. வலது கால் முறிந்துவிட்டது. போலீஸ், கோர்ட்டு என்று அலையவேண்டி வருமே என்ற பயத்தில் ஆஸ்பத்திரியில் ‘தானா விழுந்துட்டேன்’ என்று சொல்லிவிட்டார். ‘வண்டி நம்பரே இல்லாம என்ன கேஸு’ என்று ஸ்டேஷனில் கேட்கிறார்கள். இனி ஏதாவது செய்ய முடியுமா?
— வாசகி, உச்சிப்புளி

முடியும். ஆனால் உங்கள் கணவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையைச் சரிக்கட்டத்தான் பாதி அலைச்சல் இருக்கும்.

அடிபட்டு வருபவரை அரசு மருத்துவமனையில் சேர்த்ததும் பணியில் இருக்கும் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்று சொல்வது இதைத்தான். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எப்படி அடிபட்டது என்று நோயாளியோ கூட வந்தவரோ சொல்வது அப்படியே அதில் ஏறிவிடும். ‘அடையாளம் தெரியாத வாகனம் மோதியது’ என்று இருந்தால் ஒரு வழி, ‘வண்டி சறுக்கி விழுந்தார்’ என்று இருந்தால் வேறு வழி. பின்னால் அதை அடித்துத் திருத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. அதனால் மருத்துவரிடம் போய்க் கெஞ்சாதீர்கள். அந்தப் பதிவு தவறு என்று காட்டும் மற்றச் சான்றுகளைச் சேருங்கள்.

அவற்றில் பெரிய சான்று வண்டி. எக்ஸ்எல்லை மெக்கானிக்கிடம் விட்டிருந்தால் இன்றே வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். பின் மட்கார்டு நசுங்கியிருக்கிறதா, பின் விளக்கு உடைந்திருக்கிறதா, வேற்றுப் பெயின்ட் ஒட்டியிருக்கிறதா, மீன் பெட்டி கட்டிய கேரியர் முன்பக்கமாக மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, பகல் வெளிச்சத்தில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சறுக்கி விழுந்த வண்டியில் பக்கவாட்டில்தான் தேய்ந்திருக்கும். பின்னாலிருந்து இடிபட்ட வண்டி வேறு மாதிரி இருக்கும். வழக்குப் பதிவானதும் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சோதித்து அறிக்கை தருவார். அதற்கு முன் தட்டி நிமிர்த்திவிட்டால் அந்தச் சான்று போயிற்று. 108-ல் கொண்டுபோயிருந்தால் அழைப்பு வந்த நேரமும் இடமும் ஆம்புலன்ஸ் பதிவில் இருக்கும். ஏலத்துக்குப் போய்க்கொண்டிருந்த வேறு யாராவது பார்த்திருந்தால் அவர் வாக்குமூலமும் வேண்டும்.

அடுத்து புகார் மனு. வண்டி எண் தெரிந்தால்தான் எஃப்.ஐ.ஆர். போட முடியும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ‘மோதிவிட்டு நிற்காமல் சென்ற, அடையாளம் தெரியாத வாகனம்’ என்றே எழுதலாம். மருத்துவமனையில் மாற்றிச் சொன்னதை மறைக்காதீர்கள். பயத்தில் அப்படிச் சொன்னதையும், தாமதமான காரணத்தையும் மனுவிலேயே இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். எதிர்த் தரப்பு கண்டுபிடித்துச் சொல்லும்போதுதான் அது பொய்யாகத் தெரியும். எஃப்.ஐ.ஆர். தாமதமானது என்ற ஒன்றை மட்டுமே வைத்து விபத்து இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மனுவை வாங்க மறுத்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(4) பிரிவின்படி அதே மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம். சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் திருப்தியாக வந்துவிடாதீர்கள். அது மனு வந்ததற்கான அத்தாட்சி மட்டும்தான், அதை வைத்து இழப்பீடு கேட்க முடியாது.

பணத்துக்கு வருவோம். வண்டி கடைசி வரை சிக்காவிட்டாலும் மோட்டார் வாகனச் சட்டம் 161-ஆம் பிரிவின்படி இழப்பீடு உண்டு. 1.4.2022 முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். அதற்கு முன் 25,000-மும் 12,500-மும்தான் இருந்தது. எலும்பு முறிந்தாலே சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம் என்பதால் உங்கள் கணவருக்கு 50,000 கிடைக்க வழி இருக்கிறது. படிவம் 1-ல் விண்ணப்பமும் படிவம் 4-ல் உறுதிமொழியும் எழுதி, கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையில் இருக்கும் விசாரணை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். விபத்து நடந்த இடத்தின் வட்டம்தான் கணக்கு. பாம்பனில் அடிபட்டவரின் வீடு ஆர்.எஸ்.மங்கலத்தில் இருந்தாலும் மனு ராமேஸ்வரம் வட்டத்துக்குத்தான் போக வேண்டும். இது தெரியாமல் சொந்த ஊர்த் தாலுகா ஆபீஸில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

விசாரணை அதிகாரி ஒரு மாதத்துக்குள் மாவட்ட ஆட்சியருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ஆட்சியர் 15 நாளில் ஆணை போட வேண்டும். அதிலிருந்து 15 நாளில் பொதுக் காப்பீட்டுக் கவுன்சில் வங்கிக் கணக்கில் பணம் போட வேண்டும். ஏட்டில் எழுதிய கெடு இது. நடைமுறையில் கோப்பு நிற்பது பெரும்பாலும் முதல் படியில்தான், எஃப்.ஐ.ஆரும் காயச் சான்றும் வந்து சேராமல். அவற்றை வாங்குவது அதிகாரியின் வேலைதான் என்றாலும் நகல்களை நீங்களே இணைத்துவிட்டால் வேகமாக நகரும். கணக்கு இயங்கும் நிலையில் இருக்கிறதா, பாஸ்புக்கில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று. எஃப்.ஐ.ஆர். பதிவாகி ஒரு மாதத்துக்குள் வண்டி தெரியவில்லை என்றால், இந்தத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம் என்று பாதிக்கப்பட்டவருக்குப் போலீஸே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தக் கடிதம் வரவில்லை என்றால் தேதியைச் சொல்லிக் கேளுங்கள். பின்னால் வேன் சிக்கிவிட்டால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் முழு இழப்பீடு கேட்கலாம். இப்போது வாங்கும் 50,000 அப்போது திருப்பித் தர வேண்டிய பணம். படிவம் 4-ல் கையெழுத்து வாங்குவது அதற்குத்தான். தீர்ப்பாயத்தில் மனுப் போட விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம்தான் அவகாசம் என்று சட்டம் சொல்கிறது. தள்ளிப்போடாதீர்கள்.

கண் முன்னால் இடித்துவிட்டு ஒரு வண்டி ஓடினால் பைக்கில் துரத்திப் பிடிக்கலாமா?
— கல்லூரி மாணவர், கீழக்கரை

வேண்டாம். துரத்தப் போனால் சீமைக்கருவேலத்துக்கு நடுவே அடிபட்டவர் தனியாகக் கிடப்பார், அந்த வேகத்தில் நீங்களும் விழுவீர்கள்.

ஓடும் வண்டியின் முழு எண்ணையும் யாராலும் படிக்க முடியாது. கடைசி நாலு இலக்கத்தை மட்டும் பிடியுங்கள். அதோடு மாவட்ட எண்ணும் கிடைத்தால் போதும்: நம்ம ராமநாதபுரம் டிஎன் 65, சிவகங்கை 63, தூத்துக்குடி 69. எண் தெரியவில்லையா? நிறம், கூண்டு வண்டியா திறந்த வண்டியா, பின் கண்ணாடியில் என்ன எழுதியிருந்தது, எந்தப் பக்க விளக்கு உடைந்தது, மீன் தண்ணீர் ஒழுகியதா என்பதைக் கைபேசி ரெக்கார்டரில் உடனே வாயால் சொல்லிப் பதியுங்கள். அரை மணி நேரம் கழித்து நாலு பேர் பேசிய பிறகு வெள்ளை வேன் நீல வேனாகிவிடும்.

பிறகு 108, 112. ‘ஈ.சி.ஆர்.ல ஒரு ஆக்சிடென்ட்’ என்று சொன்னால் ஆம்புலன்ஸ்காரர் எங்கே தேடுவார்? கிலோமீட்டர் கல்லையோ மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையோ பார்த்துச் சொல்லுங்கள். வண்டி எந்தத் திசையில் போனது என்பதையும் அதே அழைப்பில் சொல்லிவிடுங்கள். ராமேஸ்வரம் தீவுக்குள் நடந்த விபத்து என்றால் இதற்கு மதிப்பு அதிகம். தரை வழியாகத் தீவை விட்டு வெளியேறப் பாம்பன் பாலத்தை விட்டால் வேறு சாலை கிடையாது. சில நிமிடத்தில் தகவல் போனால் மண்டபத்தில் மறித்துவிடலாம். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் அப்படி இல்லை, கிளைச் சாலைகள் ஏராளம். அங்கே பெட்ரோல் பங்க், கடை, சுங்கச்சாவடிக் கேமராக்கள்தான் நம்பிக்கை. பல கேமராக்களில் சில நாளிலேயே பழைய பதிவு அழிந்து புதியது ஏறிவிடும் என்பதால், எந்தக் கடைக் கேமரா என்று பெயர் சொல்லிப் போலீஸிடம் எழுத்தில் கொடுங்கள்.

அடிபட்டவரின் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள், உட்காரவைக்காதீர்கள். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தபடி இருங்கள். சாலையில் கிடக்கும் விளக்குக் கண்ணாடி, பம்பர் துண்டுகளைத் தொடாமல் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். அந்தத் துண்டில் அச்சாகியிருக்கும் நிறுவன முத்திரையும் பாக எண்ணுமே என்ன மாடல் வண்டி என்று சொல்லிவிடும்.

சாட்சிக்கு இழுப்பார்களோ என்று பயப்பட வேண்டியதில்லை. மருத்துவமனையில் சேர்த்துவிட்டுப் பெயர் சொல்லாமலே போகலாம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-அ பிரிவு உங்களுக்குப் பாதுகாப்பு. செலவைப் பற்றிய தயக்கமும் வேண்டாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்ட யாருக்கும், வெளிமாநில யாத்ரீகராக இருந்தாலும், ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

அப்பா சைக்கிளில் போகும்போது லாரி மோதி இறந்துவிட்டார். லாரி யாருடையது என்று தெரியவில்லை. 2 லட்சம் தவிர வேறு ஏதும் உண்டா?
— வாசகர், சாயல்குடி

அப்பாவின் வங்கிப் பாஸ்புக்கை எடுத்து, மே, ஜூன் மாதங்களில் 20 ரூபாய் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம். விபத்தில் இறந்தால் 2 லட்சம், 70 வயது வரை. அந்த வங்கிக் கிளையிலேயே உடனே மனுக் கொடுங்கள். மீனவராகப் பதிவு செய்திருந்தால் குழு விபத்துக் காப்பீட்டைப் பற்றி மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று தேவை. அவற்றில் வாரிசுச் சான்றுதான் தாமதமாகும், முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள்.

சைக்கிள் என்பதால் உங்களுக்குப் பொருந்தாது, மற்றவர்களுக்காகச் சொல்கிறோம்: பதிவு பெற்ற உரிமையாளரே ஓட்டிப்போய் இறந்திருந்தால் அவருடைய சொந்த வண்டிப் பாலிசியிலேயே 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பு இருக்கலாம். ஓட்டுநர் உரிமம் நடப்பில் இருந்திருக்க வேண்டும். இடித்தவனைக் கண்டுபிடிக்கும் வரை இதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.

இரவில் ஒருவர் மீது என் கார் மோதிவிட்டது. கூட்டம் அடிக்க வந்ததால் நிற்காமல் வந்துவிட்டேன். இனி போனால் கைதுதானா?
— பெயர் வேண்டாம்

முதலில் போங்கள். ஓட்டுநர் நின்று சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சொல்லும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவே, கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாமல் போகலாம் என்பதையும் ஒத்துக்கொள்கிறது. ஆனால் அருகிலுள்ள காவல் நிலையத்தில் 24 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். கூட்டத்துக்குப் பயந்தேன் என்ற காரணம் அதுவரைதான் செல்லும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் இருந்தால் 187-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும்.

அவர் இறந்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 106(1) பிரிவில் 5 ஆண்டு வரை தண்டனை உண்டு. பிணையில் வரக்கூடிய குற்றம்தான் அது. 10 ஆண்டு என்று வாட்ஸ்அப்பில் மிரட்டுவது 106(2). 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. உங்கள் காப்பீடும் உரிமமும் நடப்பில் இருந்தால் இழப்பீட்டைக் கட்டப்போவது காப்பீட்டு நிறுவனம். காரைப் பட்டறைக்கு அனுப்பிப் பம்பரை மாற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தடயத்தை அழித்த வழக்கும் சேர்ந்துகொள்ளும்.

தனுஷ்கோடியில் நிறுத்திவைத்த காரை யாரோ இடித்துக் கதவை நசுக்கிவிட்டார்கள். பட்டறையில் 6,000 கேட்கிறார்கள். இன்சூரன்ஸ் கேட்கலாமா?
— வாசகர், மதுரை

முழுக் காப்பீடு இருந்தால் கேட்கலாம், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சொந்தச் சேதப் பகுதிக்கான பிரீமியம் 8,000, இப்போது உங்களுக்கு 35 சதவீத நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) என்று வைத்துக்கொள்வோம். கேட்காவிட்டால் அடுத்த ஆண்டு 45 சதவீதம், அதாவது 3,600 தள்ளுபடி. கேட்டால் பூஜ்யம். அதற்கடுத்த ஆண்டு 50-க்குப் பதில் 20 சதவீதம், அதில் 2,400 போகும். இரண்டு ஆண்டில் இழப்பு 6,000. 1,500 சிசிக்கு உட்பட்ட கார் என்றால் இப்போதே 1,000 கையிலிருந்து கட்ட வேண்டும். பட்டறைக்கே கொடுத்துவிடுங்கள்.

மேய்ச்சல் முடிந்து வந்த எட்டு ஆடுகளை ஒரு கார் அடித்துக் கொன்றுவிட்டுப் போய்விட்டது.
— வாசகர், திருப்பாலைக்குடி

161-ஆம் பிரிவு மனிதர்களுக்கு மட்டும்தான். கார் சிக்கினால் ஆடுகளும் உங்கள் சொத்து என்ற கணக்கில் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம். அதற்கு இன்றே புகார் கொடுங்கள். புதைக்கும் முன் கால்நடை மருத்துவரைக் கொண்டு பரிசோதித்து, வயது, எடை, சினையா என்பதெல்லாம் எழுதிய சான்று வாங்குங்கள். காப்பீடு செய்த ஆடு என்றால் காதில் இருக்கும் வில்லையை அறுத்து எடுக்காமல் காதோடு படம் எடுங்கள்.