சந்தை வாசலில் தரிப்பிடக் கட்டணம்

கேள்வி: கீரைப்பிடி ஒன்று வாங்க மோட்டார் சைக்கிளை நிறுத்தினாலும், பிரதேச சபையின் பெயரால் குத்தகைக்காரர் கட்டணம் கேட்கிறார், நிழலுமில்லை, காவலுமில்லை. மறுக்கலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: வாசலில் குத்தகைக்காரரோடு வாதிடுவதில் பயனில்லை, அவரும் சபைக்குப் பணம் கட்டியவர்தான். பற்றுச்சீட்டை மட்டும் கேட்டு வாங்குங்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி, சபை இயற்றும் உப விதி அமைச்சரின் அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளியான பின்னரே செல்லுபடியாகும் என்பதால், இக்கட்டணத்துக்கு அத்தகைய அடிப்படை உண்டா, குத்தகை நிபந்தனைகள் நிழலையும் காவலையும் பற்றி என்ன சொல்கின்றன என்று சபையிடம் எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவை அறிவிக்க வேண்டும். சற்று நேரம் நிறுத்துபவருக்குக் கட்டண விலக்குக் கோரும் மனுவை, சந்தை வியாபாரிகளையும் சேர்த்துக்கொண்டு கொடுப்பது நல்லது. வாடிக்கையாளர் குறைந்தால் முதலில் பாதிக்கப்படுபவர்கள் அவர்களே.