டிராக் ரேஸில் (இரண்டிரண்டு வண்டிகளாக நேர்கோட்டில் ஓடும் drag race) வண்டிகள் குறைவாக வந்தால் ஒருவருக்குப் போட்டியே இல்லாமல் பை ரன் கொடுக்கிறார்களே, அது நியாயமா?

யாருக்கு, எதை வைத்துக் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. குவாலிஃபையிங்கில், அதாவது போட்டிச் சுற்றுகளுக்கு முன் டைமிங் பார்க்கும் ஓட்டத்தில், முதலிடம் பிடித்தவருக்குக் கொடுத்தால் நியாயம். சீட்டுக் குலுக்கிக் கொடுத்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அதுவும் அஞ்சாறு வண்டி மட்டுமே நிற்கும் கிளாஸில் (போட்டிப் பிரிவில்).

தண்டையார்பேட்டையில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். எங்கள் ஏரியாப் பையன்கள் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டும் வண்டிகளுக்கு வேலை பார்ப்பதால் பிட்டில் நின்று பழக்கம். (சோழவரத்து ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் வடசென்னைக்காரனுக்கு அது பக்கத்து ஊர். இப்போது ஊரையே குறுக்கே கடந்து போகிறோம்.)

வண்டிகள் ஒற்றைப்படையில் இருந்தால் ஜோடி கிடைக்காதவர் தனியாக ஓடி அடுத்த சுற்றுக்குப் போவார், அதுதான் பை. எதிராளி இல்லாததுதான் லாபம் என்று கேலரியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். பெரிய லாபம் வண்டிக்குத்தான். முழு வேகத்தில் ஒரு லாஞ்ச் (நின்ற இடத்திலிருந்து பாய்ந்து கிளம்புவது) எடுத்துவிட்டு வரும் பைக்கின் கிளட்ச் கவரைக் கழற்றிப் பாருங்கள். ஸ்டீல் பிளேட் நீலம் பாய்ந்திருக்கும், ஆயில் தீய்ந்த வாடை மூக்கில் ஏறும். ஆறுவதற்குள் அடுத்த சுற்றுக்குக் கூப்பிடுவார்கள். பை வாங்கியவர் லைனில் நின்று, சிக்னல் வாங்கிக் கிளம்பினாலே போதும், ஜெயித்த கணக்கு, அமெரிக்காவின் டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. விதியும் அப்படித்தான். பாதி தூரத்தில் த்ராட்டிலை விட்டுவிடலாம். ஆனால் அடுத்த சுற்றில் எந்த லேன் என்று முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை நல்ல டைமிங் போட்டவருக்குத்தான். அதனால் லேன் முக்கியமென்றால் பை ரன்னிலும் விரட்டித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது ரியாக்‌ஷன் டைம். வண்டி லைனை விட்டு நகர்ந்த பிறகுதான் ஓட்ட நேரம் எண்ணத் தொடங்கும். பச்சை விளக்கு எரிந்த பின் நீங்கள் தூங்கிய நேரம் அதில் சேராது. ஒருவர் 11.20 நொடி ஓடி, 0.30 நொடி தாமதமாகக் கிளம்பினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து லேன்காரர் 11.35 ஓடி, 0.05-இல் கிளம்பியிருந்தால் அவர்தான் முதலில் கோட்டைத் தொடுவார். அதாவது வேகமான வண்டியும் தோற்கலாம். அந்த ஆபத்தை ஒரு சுற்றுக்கு முழுசாக நீக்கிவிடுகிறது பை. குவாலிஃபையிங்கில் சோதிப்பது ஓட்ட நேரத்தை மட்டும்தானே, அதற்கு இவ்வளவு பெரிய பரிசா என்று சிலர் கேட்பார்கள். கேள்வி சரிதான். ஆனாலும் அந்த டைமிங் எல்லாரும் ஒரே டிராக்கில், எல்லார் கண் முன்னால் போட்டது. சீட்டுக்கு அப்படி எந்த உழைப்பும் கிடையாது.

வண்ணாரப்பேட்டையில் பெரிய கேரம் டோர்னமென்ட்டில் முதல் சுற்றில் ஒருவருக்கு பை விழுந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை, அதற்கப்புறம் எத்தனையோ போர்டு ஆட வேண்டும். அஞ்சு வண்டி கிளாஸில் கணக்கே வேற. 5 வண்டி முதல் சுற்றுக்குப் பின் 3 ஆகும், அப்புறம் 2. இரண்டு சுற்றிலும் ஒரு பை உண்டு. இரண்டும் ஒரே ஆளுக்குப் போனால் யாரோடும் மோதாமல் ஃபைனலில் நிற்பார். 9 வண்டி என்றால் 5, 3, 2 என்று போய் மூன்று பை வரும்.

அதனால் முதல் பை குவாலிஃபையிங்கில் முதலிடத்துக்கு. அடுத்தடுத்த பை, இதுவரை பை வாங்காதவர்களில் முந்தைய சுற்றின் நல்ல டைமிங்குக்கு என்று வைத்தால் எனக்குச் சம்மதம். இது குவாலிஃபையிங் தொடங்குவதற்கு முன்பே நோட்டீஸ் போர்டில் இருக்க வேண்டும். வண்டி எண்ணிக்கையைப் பார்த்த பிறகு முடிவு செய்தால் சண்டை நிச்சயம்.

எதிராளியின் வண்டி லைனுக்கு வருவதற்கு முன்பே செயின் அறுந்து நின்றுபோய், இவர் தனியாக ஓடுவதை பை கணக்கில் சேர்க்கக் கூடாது. அவர் அதைக் கேட்டு வாங்கவில்லை. தோற்றவர்களில் வேகமானவரை மறுபடி உள்ளே இழுத்து ஜோடி சேர்ப்பதும் உண்டு. கிளப் அளவிலான ரேஸில் எனக்கு அது பிடிக்கும், பெட்ரோல் செலவழித்து வந்த பையனுக்கு இன்னொரு ஓட்டம் கிடைக்கும். பட்டத்துக்கான பாயின்ட் இருக்கும் ரேஸில் வேண்டாம், ஒருமுறை தோற்றவரிடம் முதலிடத்துக்காரர் ரெட் லைட் விழுந்து (பச்சைக்கு முன்பே கிளம்பி) வெளியே போனால் அதை யாராலும் சமாதானம் சொல்ல முடியாது.