இடங்காட்டிக் கருவிகள்: எதை வாங்குவது, எங்கே பொருத்துவது?

திருகோணமலையில் வண்டிகளுக்கு இடங்காட்டி பொருத்திக் கொடுப்பது என் தொழில். அண்மையில் என்னிடம் வந்த கேள்விகளுள் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (உப்புவெளி, ஆசிரியை): திறப்புக்கோர்வையையும் கைப்பையையும் எங்கோ வைத்துவிட்டுத் தேடுவதே வழக்கமாகிவிட்டது. எதை வாங்கலாம்?

பதில்: உங்களுக்கு ஒரு புளூடூத் டேக், அதாவது பொருளோடு மாட்டிவைக்கும் சிறிய இடங்காட்டி வில்லை, போதும். எந்த டேக் என்பதை உங்கள் கைத்தொலைபேசியே தீர்மானிக்கும். ஐபோனுக்கு ஏர்டேக், சாம்சங் கலக்சிக்கு ஸ்மார்ட்டேக், மற்றைய அன்ட்ரோயிட் தொலைபேசிகளுக்குக் கூகுள் 2024இல் தொடங்கிய வலையமைப்போடு இணையும் டேக் என்று பார்த்து வாங்குங்கள். இவற்றுள் ஜிபிஎஸ்ஸும் இல்லை, சிம் அட்டையும் இல்லை. டேக் விட்டுவிட்டு எழுப்பும் மெல்லிய சமிக்ஞையை, அருகால் போகும் முன்பின் தெரியாத ஒருவருடைய அதே வகைத் தொலைபேசி பிடித்து, தான் நிற்கும் இடத்தை அவரும் அறியாதபடி உங்களுக்கு அனுப்பிவைக்கிறது. ஆகவே, பஸ் நிலையத்தில் தவறிய பை விரைவில் வரைபடத்தில் தெரியும். ஆள் நடமாட்டமற்ற ஒழுங்கையில் விழுந்த திறப்பு தெரியாமலே போகலாம். கூகுள் வலையமைப்பு இயல்பாகவே சனநெருக்கடி மிக்க இடங்களில் மட்டும் உதவும்படி அமைக்கப்பட்டுள்ளது. அதை எல்லா இடங்களுக்கும் என்று அமைப்பில் மாற்றலாம். வீட்டாரையும் அயலவரையும் மாற்றச் சொன்னால் ஊர் முழுவதற்கும் நன்மை.

கேள்வி (கிண்ணியா, முச்சக்கரவண்டி ஓட்டுநர்): அந்த டேக்கையே வண்டிக்குள் ஒளித்துவைத்தால் என்ன? மாதக் கட்டணமும் இல்லையே.

பதில்: உங்கள் வண்டி உங்கள் குடும்பத்தின் சோறு என்பதால் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்: டேக்கை மட்டும் நம்பாதீர்கள். ஒருவரை இரகசியமாகப் பின்தொடர்வதைத் தடுப்பதற்காக, உரிமையாளரைப் பிரிந்த டேக் ஒன்று உங்களுடன் நகர்கிறது என்று ஐபோனும் அன்ட்ரோயிட் தொலைபேசியும் தம்மை வைத்திருப்பவரை எச்சரிக்கின்றன. ஏர்டேக் சில மணித்தியாலங்களின் பின் தானே ஒலியும் எழுப்பும். திருடனுக்கும் அதே எச்சரிக்கைதான் போகும். வண்டிக்கு உரியது, செய்மதிச் சமிக்ஞையைப் பெறும் ஜிபிஎஸ் பகுதியும் சிம் அட்டையும் கொண்ட கருவியே. குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞையைக் கொண்டு அது தன் இடத்தைக் கணித்து, கைத்தொலைபேசி வலையமைப்பின் வழியே சேர்வருக்கு, அதாவது அந்த இடத்தை உங்களுக்குக் காட்டும் சேவைக் கணினிக்கு, அனுப்பும்.

வாங்குமுன் விற்பவரிடம் கட்டாயம் கேட்க வேண்டியவை சில உண்டு. கருவி 2ஜியில் மட்டும் இயங்குவதா, 4ஜியிலுமா? சேர்வர் யாருடையது, அதற்குரிய கட்டணம் எவ்வளவு காலத்துக்கு? வயரைத் துண்டித்தால் அறிவித்தல் தரும் உட்பற்றரி உண்டா? விலை குறைந்த பல கருவிகள் 123456 என்ற கடவுச்சொல்லுடனேயே வருகின்றன. பொருத்திய அன்றே அதை மாற்றுங்கள். சிம் உங்கள் பெயரில் இருக்கட்டும், ரீலோட் செய்ய மறக்காதீர்கள். காலாவதியான சிம் உள்ள கருவி வெறும் பெட்டிதான். இரும்புத் தகட்டின் அடியில் வைத்தால் செய்மதிச் சமிக்ஞை எட்டாது, பிளாஸ்டிக் மூடியின் உட்புறமே ஏற்றது. தூர இருந்து எஞ்சினை நிறுத்தும் ரிலேயைப் பலர் கேட்கிறார்கள். கந்தளாய் வீதியில் பின்னால் லொறி வர, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் எஞ்சின் நின்றால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். வண்டி நின்ற பிறகு மட்டும் செயற்படும் வகையையே நான் பொருத்துவேன்.

கேள்வி (நிலாவெளி): கருவி பொருத்திய பின் மோட்டார் சைக்கிள் பற்றரி இறங்கிவிடுகிறது. ஏன்?

பதில்: கணக்குப் பார்த்தாலே விளங்கும். கருவி 20 மில்லி அம்பியர் எடுத்தால், 5 அம்பியர் மணி பற்றரி 250 மணித்தியாலத்தில், அதாவது ஏறத்தாழ 10 நாளில் வெறுமையாகும். பழைய பற்றரி அதற்கு முன்பே. வண்டி நிற்கையில் உறக்க நிலைக்குச் செல்லும் வசதியை இயக்குங்கள்.

கேள்வி (தம்பலகாமம்): மேய்ச்சலுக்குப் போகும் மாடுகளின் கழுத்தில் டேக் கட்டலாமா?

பதில்: பயனில்லை. காட்டோரத்தில் அதைக் கேட்கத் தொலைபேசிகள் இல்லை.

கேள்வி (திருக்கடலூர், மீனவர்): அன்றே கரை திரும்பும் ஒரு நாள் படகுக்கு வண்டிக் கருவி சரிவருமா?

பதில்: கரையில் கட்டியிருக்கும் படகையும் இயந்திரத்தையும் காக்க உதவும். ஆனால் கரையை விட்டு விலக விலகக் கைத்தொலைபேசிக் கோபுரங்களின் சமிக்ஞை அற்றுப்போகும். உயிர்காப்புக்கு அதை நம்பிக் கடலுக்குப் போகவே கூடாது, ஐயா. பல நாள் படகுகளில் உள்ள கண்காணிப்புக் கருவி செய்மதி வழியே நேரடியாகப் பேசுவது. ஆபத்தில் அழைக்க, செய்மதிக்கு 406 மெகாஹேர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும் அபாய அறிவிப்புக் கருவி வேண்டும்.

கேள்வி (ஒரு தாய்): பஸ்ஸில் வகுப்புக்குப் போகும் மகளின் பையில், அவளுக்குத் தெரியாமல் டேக் வைக்கலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. யாரோ தன்னைப் பின்தொடர்கிறார் என்ற எச்சரிக்கை அவளுடைய தொலைபேசிக்கு வந்தால், தனியே பஸ்ஸில் இருக்கும் பிள்ளை எவ்வளவு பயந்துபோவாள்! அவளிடம் பேசி, அவளுடைய சம்மதத்துடன் தொலைபேசியிலேயே இடத்தைப் பகிரச் சொல்லுங்கள்; டேக்கை விடத் துல்லியமானதும் அதுவே.

கேள்வி (அநுராதபுரச் சந்தி): ஏர்டேக்குக்குப் புதுப் பற்றரி போட்டும் இயங்கவில்லையே?

பதில்: சிறுவர்கள் விழுங்காதிருக்கக் கசப்புப் பூச்சிட்ட சிஆர்2032 என்னும் நாணய வடிவப் பற்றரிகள் சில அதில் இயங்குவதில்லை, பூச்சற்றதை வாங்குங்கள். வழமையாக ஓராண்டளவு உழைக்கும். கழற்றிய பழையதை மேசையில் விடாதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்திற்குள் உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும்; அப்படி நேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.