கியோன் விழா: 17-ஆம் தேதியா, 24-ஆம் தேதியா?

கேள்வி: ஜூலை 15 முதல் 25 வரை ஜப்பானில் இருப்போம். எழுபது தாண்டிய அப்பா, அம்மாவும் வருகிறார்கள். கியோட்டோவின் கியோன் தேர் ஊர்வலத்தை என்றைக்கு, எங்கே நின்று பார்க்கலாம்? யசாகா கோயிலில் கும்பிடும் முறை என்ன?

பதில்: பெரியவர்களோடு போவதால் 24-ஆம் தேதியே நல்லது. 17-ஆம் தேதி 23 தேர்கள், 24-ஆம் தேதி 11 தேர்கள். எண்ணிக்கை குறைவுதான், ஆனால் நெரிசலும் குறைவு. ஜூலை வெயிலில் மூன்று மணி நேரம் நிற்பவர்களுக்கு அதுதான் முக்கியம்.

24 அன்று காலை 9.30-க்கு கரசுமா-ஓய்கே சந்திப்பிலிருந்து தேர்கள் கிளம்பும். கவாரமாச்சி-ஓய்கே முனைக்கு முதல் தேர் சுமார் 10 மணிக்கு வரும். அந்த முனையில்தான் நிற்க வேண்டும். பெரிய தேர்களின் எடை 12 டன் வரை. சக்கரங்கள் பக்கவாட்டில் திரும்பாது. அதனால் பிளந்த மூங்கிலைச் சக்கரத்தடியில் பரப்பி, தண்ணீர் ஊற்றி, வடம் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்து வழுக்க வைக்கிறார்கள். ஒரே இழுப்பில் திரும்பிவிடாது; சில முறை இழுத்தால்தான் முழுத் திருப்பம் முடியும். முதல் இழுப்போடு நகர்ந்துவிடாதீர்கள்.

நிற்க முடியாதென்றால் ஓய்கே சாலையில் கட்டண இருக்கைகள் உண்டு. முன்பே பதிவு செய்யுங்கள். அங்கே நிழல் கிடையாது. கவாரமாச்சி நடைபாதையில், ஷிஜோவுக்கும் சான்ஜோவுக்கும் இடையே, மேற்கூரை நிழல் உண்டு. ஆனால் அந்தக் கூரை தேரின் உச்சியை மறைத்துவிடும். குடை விரித்தால் பின்னாலிருப்பவருக்குத் தெரியாது, தொப்பி போதும். சாலைகள் அடைபடுவதால் பேருந்தை நம்பாமல் சுரங்க ரயிலில் போங்கள்.

நம் தேரோட்டம் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: விழாவுக்குரிய யசாகா கோயிலின் சாமி இந்தத் தேர்களில் வருவதில்லை. தேர்கள் காலையில் வீதியைத் தூய்மைப்படுத்திப் போகின்றன. சாமி 17-ஆம் தேதி மாலைதான் மூன்று பல்லக்குகளில் கோயிலைவிட்டுக் கிளம்பி, ஷிஜோ தெருவிலுள்ள ஒதாபிஷோ மண்டபத்தில் 24 வரை தங்குகிறது. காலை ஊர்வலத்தோடு அறைக்குத் திரும்பிவிடுபவர்கள் விழாவின் உயிர்ப்பகுதியைத் தவறவிடுகிறார்கள். பகலில் பெற்றோரை ஓய்வெடுக்க வைத்து, 24 மாலை சாமி கோயிலுக்குத் திரும்புவதைக் காட்டுங்கள்.

யசாகா ஷின்டோ கோயில். அங்கே கரண்டியால் நீர் மொண்டு முதலில் இடக்கை, பிறகு வலக்கை கழுவி, இடக்கையில் நீர் ஏந்தி வாய் கொப்பளிக்க வேண்டும்; கரண்டியை வாயில் வைக்கக் கூடாது. சன்னிதியில் காசு போட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, கும்பிட்டு, மறுபடி ஒருமுறை குனியுங்கள். பக்கத்திலுள்ள சியோன்-இன் பௌத்தக் கோயில். அங்கே கைதட்டக் கூடாது, கைகூப்பினால் போதும்.

தேர்க்காரர்கள் விற்கும் சிமாகி, அதே பெயருள்ள தின்பண்டம் போலவே இலையில் சுற்றியிருக்கும். பிரித்துப் பார்த்தால் உள்ளே வைக்கோல்தான். நோய் அண்டாமலிருக்க வாசல் நிலைக்கு மேலே வெளிப்புறம் ஓராண்டு தொங்கவிடும் காப்பு அது.