குசினி சிங்க்: நாற்றம், ஒழுக்கு, அடைப்பு
வாசகர் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இந்த முறை வந்தவை பெரும்பாலும் குசினிக் குழாய்க் கேள்விகள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

தோட்ட வீட்டிலிருந்து பட்டணத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மாறி, புது ஸ்டீல் சிங்க் வைத்திருக்கிறோம். கீழே நெளிநெளியான பிளாஸ்டிக் குழாய் ஒன்று நேராகப் பின்பக்கம் போகிறது. இரவானால் நாற்றம், கரப்பான். அதைக் கழற்றிவிட்டு பி.வி.சி. பைப் போட வேண்டும். என்னென்ன வாங்குவது, எப்படி இணைப்பது?

உங்கள் வீட்டில் இல்லாதது டிராப். சிங்குக்குக் கீழே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவுக்குத்தான் அந்தப் பெயர். 75 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் போதும், லோங்காங் (வடிகால்) காற்றும் கரப்பானும் மேலே வர முடியாது. டிராப் வைக்காமல் எவ்வளவு நல்ல பைப் போட்டாலும் நாற்றம் போகாது.

நெளிகுழாயை மாற்ற நினைப்பதும் சரியே. அதன் ஒவ்வொரு மடிப்பிலும் சோற்றுப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் தங்கும். நடுவில் தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கிப் புளிக்கும்.

வாங்க வேண்டியவை: 1½ இஞ்ச் பி டிராப் (P எழுத்துபோல வளைந்த டிராப்) ஒன்று, அதே அளவில் பி.வி.சி. பைப், 45 டிகிரி எல்போ (வளைவு இணைப்பு) இரண்டு, பைப் கிளிப், சிறிய டின் பி.வி.சி. கம் (பைப் ஒட்டும் பசை), ஹேக்சா பிளேடு, மணல்தாள். கடையில் பாட்டில் வடிவ டிராப்பைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பார்கள். இடம் குறைவான கைகழுவும் பேசினுக்கு அது சரி. சோறு, குழம்பு, தேங்காய்ப்பால் எல்லாம் கழுவி ஊற்றும் குசினிக்கு பி டிராப்பே மேல். வளைவு ஒரே சீராக இருப்பதால் கசடு தங்காமல் போய்விடும். 90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதில் 45 இரண்டு போடச் சொல்வதும் இதற்காகத்தான்.

அளவில் ஏமாறுவது சுலபம். நம் ஹார்ட்வேர் கடைகளில் 1½ இஞ்ச் என்று விற்கும் பி.வி.சி. பைப்பின் வெளிவிட்டம் ஏறக்குறைய 48 மில்லிமீட்டர். 40 மில்லிமீட்டர் என்று எழுதிய டிராப்பின் வால் அதில் ஆடும், இல்லையென்றால் நுழையவே நுழையாது. டிராப்பைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே பொருத்திப் பார்த்து, தேவையானால் இணைப்பு அடாப்டரும் வாங்கிவிடுங்கள்.

வேலையை மேலிருந்து தொடங்குங்கள். சிங்க் ஓட்டையைச் சுற்றித் துடைத்துக் காயவிட்டு, வடிகட்டியின் விளிம்புக்கு அடியில் ரப்பர் வளையம் வைத்து இறக்குங்கள். வளையம் வரவில்லை என்றால் சிலிகான் தடவலாம். சிங்குக்குக் கீழே முதலில் ரப்பர், பிறகு அட்டை வளையம், கடைசியில் பெரிய நட். தேவையில்லாதது போலத் தெரிவதால் அட்டையைப் பலர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் நட்டைத் திருகும்போது ரப்பரும் கூடவே முறுக்கிக்கொள்ளும், அந்த மடிப்பு வழியாகச் சொட்டும்.

அடுத்து டிராப்பைக் கையால் மட்டும் மாட்டி, அது சுவர் ஓட்டையை எந்த உயரத்தில் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சுவர் ஓட்டை டிராப்பின் வாய்க்குச் சமமாகவோ சற்றுத் தாழ்வாகவோ இருக்க வேண்டும். கொஞ்சம் உயரமாக இருந்தாலும் தண்ணீர் பின்வாங்கித் தேங்கும்.

சரிவு மீட்டருக்கு 25 மில்லிமீட்டர் கொடுங்கள். 18க்குக் குறைந்தால் கசடு படியும். சரிவு கூடக் கூட நல்லது என்று நினைக்க வேண்டாம். மீட்டருக்கு 90ஐத் தாண்டினால் தண்ணீர் வேகமாக இறங்கி டிராப்பில் நிற்க வேண்டியதையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும், பழைய நாற்றம் திரும்பி வரும். 1½ இஞ்ச் பைப் 3 மீட்டருக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் ஓட வேண்டியிருந்தால் 2 இஞ்ச் போடுங்கள்.

கம் தடவும் முன் எல்லாத் துண்டையும் உலர்ந்தபடியே கோத்துப் பாருங்கள், ஒட்டிய பிறகு திருத்த வழியில்லை. பைப்பை நேர்கோணமாக அறுத்து, விளிம்புப் பிசிரை மணல்தாளால் தேய்த்து எடுங்கள். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் பிசிரில்தான் முடியும் நாரும் முதலில் சிக்கும். பைப்பிலும் எல்போவின் உள்பக்கத்திலும் கம்மை மெல்லிசாகத் தடவி, கால் சுற்று திருப்பிக்கொண்டே முழுதும் தள்ளி, 30 விநாடி அசையாமல் பிடியுங்கள். டிராப்பை மட்டும் கம் போட்டு ஒட்டாதீர்கள். கழற்றிக் கழுவ வேண்டிய உறுப்பு அது. சூடான தண்ணீர் விட ஒரு நாள் பொறுங்கள்.

பைப் எங்கே போய் முடிகிறது என்பதையும் கவனியுங்கள். பின்பக்கம் சதுர மூடி போட்ட கல்லி டிராப் (தரையில் பதித்த, தண்ணீர் நிற்கும் சிறு தொட்டி) இருந்தால், பைப் நுனி மூடிக்குக் கீழேயும் அதிலுள்ள தண்ணீருக்கு மேலேயும் நிற்க வேண்டும். மழைநீர் லோங்காங்கும் சாக்கடைக் குழாயும் தனித்தனியாக இருக்கும் தாமான்களில் சிங்க் தண்ணீர் கல்லிக்குத்தான் போக வேண்டும். கூரைத் தண்ணீரை அதே கல்லிக்குள் விடக் கூடாது. கனமழையில் சாக்கடை எதிர்த்து வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முடிந்ததும் குழாயை லேசாகத் திறந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். சிங்கை விளிம்பு வரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் அதில் பிடிபடும்.

டிராப் நட் ஒழுகுகிறது. டெஃப்லான் டேப் சுற்றி, ஸ்பேனரால் இறுக்கியும் நிற்கவில்லையே?

டேப்பை உரித்துவிடுங்கள். அந்த இடத்தில் தண்ணீரைத் தடுப்பது மரை இல்லை, உள்ளே இருக்கும் வாஷர். வாஷரின் சரிந்த பக்கம் டிராப்பை நோக்கியும் தட்டையான பக்கம் நட்டை நோக்கியும் இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் சொட்டும். மேலிருந்து வரும் குழாய் வாஷரைத் தாண்டி ஒரு இஞ்சாவது உள்ளே போயிருக்கிறதா, நேராக நுழைகிறதா என்றும் பாருங்கள். கோணலாக நிற்கும் குழாயை நட் நிமிர்த்தாது. கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று போதும். ஸ்பேனரால் இறுக்கிய பிளாஸ்டிக் நட்டில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கும், அதை மாற்றிவிடுவதே நல்லது.

இரட்டைத் தொட்டி சிங்க். ஒன்றில் தண்ணீர் விட்டால் மற்றதில் 'குளுக் குளுக்' என்று மேலே வருகிறது.

ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு டிராப், பொதுக் குழாயில் இன்னொன்று என்று போட்டிருந்தால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். இரண்டு தொட்டிக்கும் கீழே டீ (T வடிவ இணைப்பு) போட்டு, அதற்கு அப்பால் ஒரே ஒரு டிராப் வையுங்கள். ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது என்றால் டிராப்பிலோ அதற்குப் பின்னாலோ பாதி அடைப்பு. கீழே வாளி வைத்து, டிராப்பைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள்.

மாதம் ஒருமுறை கொதிநீரும் காஸ்டிக் சோடாவும் ஊற்றலாமா?

இரண்டும் வேண்டாம். பி.வி.சி. 60 டிகிரிக்கு மேல் சூட்டைத் தாங்காது. பைப் தொய்யும், வாஷர் தளரும். சோறு வடித்த கஞ்சியையும் ஆறவிட்டோ, குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டோதான் ஊற்ற வேண்டும். காஸ்டிக் சோடா கொழுப்போடு சேர்ந்து சோப்புக் கட்டியாகி, சில சமயம் இன்னும் கெட்டியாக அடைக்கும். அதைப் போட்ட குழாயில் வேறு எந்த ரசாயனமும் ஊற்றக் கூடாது. சரிசெய்ய வருகிறவரிடம் உள்ளே காஸ்டிக் இருக்கிறது என்று கட்டாயம் சொல்லுங்கள். கண்ணில் தெறித்தால் பார்வையே போகும்.

ஆட்டுக் கொழுப்பு 40 டிகிரிக்கு மேல்தான் உருகும். சட்டியைச் சுடுதண்ணீரில் அலசினால் அது சிங்கிலிருந்து மட்டும் இறங்கி, கை எட்டாத தூரத்தில் போய் உறையும். சட்டியைப் பழைய பேப்பரால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள். தீபாவளி முறுக்கு எண்ணெயை ஆறவைத்துப் போத்தலில் ஊற்றி மூடுங்கள். பழைய சமையல் எண்ணெயை விலைக்கு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அடைப்பு விழுந்துவிட்டால் முதலில் ரப்பர் பம்ப். இரட்டைத் தொட்டியில் மற்ற வாயை ஈரத்துணியால் அழுத்தி மூடிக்கொண்டு பம்ப் செய்யுங்கள். மூடாவிட்டால் அழுத்தம் முழுக்க அந்த வழியாகவே போய்விடும்.